வீடு உன் பேரில், அம்பயர் என் பேரில்

மேனாம்பேடு, அம்பத்தூர்
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை காலை

என் அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. நானும் அம்பயரும் நல்ல உடம்போடும் நல்ல பசியோடும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த கிளாஸ்கோ குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன், கோபமாக இருக்கிற நாளிலும் வேண்டிக்கொள்கிறேன், இன்றைக்குக் கோபமாகத்தான் இருக்கிறேன். வீடியோவில் வராமல் அம்மா எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்திருக்கிறாள் என்று யோசிப்பாய். வீடியோவில் நீ என்னைப் பேச விடுவதில்லை எழில், நான் ஒரு பேச்சை எடுத்து முடிப்பதற்குள் அம்மா நான் சொல்றத மொதல்ல கேளு என்கிறாய், உன் கட்சியைச் சொல்லி முடித்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. குரலைப் பதிந்து அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாய், அணில் கத்துகிற மாதிரி இருக்கிறது என்று நீயே சொல்லிச் சிரித்தாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஆவடிப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஆயுசில் பாதியை விசிலோடு கழித்தவள் நான், மொத்தக் கூட்டத்தையும் ஒரு ஊதலில் நிறுத்தியவள், என் ஒரே மகளை நிறுத்த இந்த வயதில் இந்த வழிதான் இருக்கிறது. உட்கார்ந்து முழுசாகப் படி.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் குடியிருப்பின் சங்கத் தலைவர் ஜெயராமனுக்கு நீ அனுப்பிய மின்னஞ்சலை நான் படித்துவிட்டேன். நீ எனக்கு அதை அனுப்பவில்லை, அவரும் என்னிடம் கொடுக்கவில்லை, அச்செடுத்து லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள், சாவு வீட்டில் வழிவிடுவார்களே அப்படி. வீட்டின் உரிமையாளர் என்ற முறையில் என் தாயாரின் பாதுகாப்பைக் கருதி நாயை இந்த மாதத்துக்குள் அப்புறப்படுத்த ஏற்பாடு செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்புறப்படுத்துவது என்பது குப்பைக்குச் சொல்கிற வார்த்தை. உன் அப்பா தவறிப்போன வருஷத்தில் மோட்டார் ரூம் பக்கம் நனைந்து கிடந்த குட்டியை எடுத்து வந்து, பந்து இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறதே என்று அம்பயர் என்று நான் பேர் வைத்தேனே, அதைப் பற்றித்தான் அப்படி எழுதியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், அது தெரிந்துதான் கேட்கவில்லை.

ஜெயராமன் உனக்குப் போன் போட்டு, மழையில் நாயை இழுத்துக்கொண்டு போய் டீச்சர் விழுந்துவிட்டார் என்று சொன்னாராம். நான் விழுந்தது உண்மை. எங்கே விழுந்தேன் என்று அவர் சொல்லவில்லை, நீ கேட்கவும் இல்லை. தீபாவளிக்கு முன்னால் நம் கீழ்த்தள வாசலில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு முகம் பார்க்கிற மாதிரி ஒரு டைல்ஸ் போட்டார்கள், ஜெயராமன் தானே நின்று தேர்ந்தெடுத்தது, அதன் மேல்தான் விழுந்தேன். கையில் பால் பாக்கெட், காலில் ஈரச் செருப்பு, அம்பயர் அப்போது மேலே நம் வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். விழுந்ததுகூட ஒழுங்காகத்தான் விழுந்தேன், கையை ஊன்றாமல் தோளை மடக்கி உருள வேண்டும் என்று எத்தனை பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், உடம்பு மறக்கவில்லை, மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் வீங்கியது. ரோட்டில் இந்த மழைக்காலம் முழுக்க நான் ஒரு தடவை கூடச் சறுக்கியதில்லை. விழுந்த இடத்தை விட்டுவிட்டு விழாத இடத்துக்குப் பூட்டுப் போடுகிறீர்கள் நீங்கள் இரண்டு பேரும்.

அப்படியும் நீ அழுதாய் என்பதற்காக உன் பேச்சைக் கேட்டேன். மழை விடுகிற வரைக்கும் நாயை வெளியே கூட்டிப்போக மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாயே, பால்கனியில் பேப்பர் விரித்துப் போடு, பழகிக்கொள்ளும், இங்கே எல்லாரும் அப்படிப் பழக்குகிறார்கள் என்றாயே, விரித்துப் போட்டேன். அவன் பேப்பரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வந்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகக் கூடாது என்று குட்டியாக இருந்தபோது நான்தான் அவனுக்கு விரலை ஆட்டிச் சொல்லியிருந்தேன், அதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டான், இப்போது மழை பெய்கிறது, உன் அக்கா எழில் சொல்கிறாள், இங்கேயே போ என்றால் அவனுக்கு எப்படிப் புரியும். காலையில் போகவில்லை, மாலையிலும் போகவில்லை. சோறு வைத்தேன், தொடவில்லை, தண்ணீரைக் கூடக் குடிக்காமல் தள்ளி வைத்தான். பின்னங்கால் இரண்டும் நடுங்குகிறது, எழுந்து வந்து என் முழங்காலில் தலையை வைக்கிறான், மறுபடியும் கதவுக்குப் போய்விடுகிறான். ஒரு முனகல் இல்லை எழில். மறுநாள் விடிந்ததும் கொட்டுகிற மழையில், கட்டுப்போட்ட கையோடு அவனைக் கீழே அழைத்துப்போனேன். முதல் கம்பத்தில் காலைத் தூக்கியவன் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான், போய்க்கொண்டே இருந்தான், நானும் மழையில் நனைந்துகொண்டு நின்றேன், முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வெட்கமில்லாமல் அழுதேன். என் தரை அழுக்காகக் கூடாது என்று தன் உடம்பை வதைத்துக்கொண்ட உயிருக்கு முன்னால், நீ வாங்கிய சத்தியம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதை அந்தக் கம்பத்தடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அம்மா சத்தியத்தை மீறிவிட்டாள் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

அன்றையிலிருந்து மழையில் போவது எப்படி என்று நானும் அவனும் சேர்ந்து படித்துக்கொண்டோம், இப்போது தேறிவிட்டோம். முதலில் குடையை விட்டேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் கயிறு என்றால் காற்று அடிக்கும்போது இரண்டுமே கையில் இல்லை, குடை மல்லாந்தால் அவன் பேயைக் கண்டது போல ஓடுகிறான். பாதம் வரைக்கும் தொங்குகிற மழைக்கோட்டும் சரிப்படவில்லை, நம் ஊர் மழையில் அதைப் போட்டால் வெளியே நனையாமல் உள்ளே வேர்வையில் நனைகிறோம். இப்போது தலைக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி, இடுப்பு வரைக்கும் உன் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் கோட்டின் மேல் பாதி, கீழே நான் வேலையில் இருந்தபோது போட்ட டிராக் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, பின்னால் வார் வைத்த ரப்பர் செருப்பு. இந்த வயதில் இந்தக் கோலமா என்று பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நாயையும் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. தண்ணீர் தேங்கியிருந்தால் உடனே இறங்குவதில்லை, ஓரமாக நின்று ஒரு பைக் போகிற வரைக்கும் காத்திருப்போம், சக்கரம் எவ்வளவு முங்குகிறது என்று பார்த்துவிட்டு அதே தடத்தில் நடப்போம். மரக்கிளை நட்டு வைத்திருந்தால் அங்கே மூடி இல்லாத பள்ளம். மின்சாரப் பெட்டி இருக்கிற பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை, எதிர்ச்சாரியில்தான் போவோம். மழை எல்லா வாசனையையும் கழுவிவிடுவதால் அவனுக்கு இடம் பிடிப்பதற்கு நேரம் ஆகிறது, அதற்காக அவனை இழுக்கக் கூடாது, அயர்ன் வண்டிக்காரர் தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறாரே, அதற்கு அடியில் காய்ந்த மண் கொஞ்சம் இருக்கிறது, அங்கே நிதானமாக மோந்து பார்க்க விட்டால் மற்ற வேலையெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். அள்ளுவதற்கு நியூஸ்பேப்பர் நனைந்து கரைந்துபோகிறது என்று பால் கவரைக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போகிறேன். திரும்பி வந்தால் மாடிப்படிக்கு அடியில் பழைய வேட்டித் துணி தொங்கும், அங்கேயே அவன் வயிறு, காது, விரலிடுக்கு எல்லாம் துடைத்து, ஈரம் இல்லாமல்தான் லிஃப்டில் ஏற்றுகிறேன். விரலிடுக்கில் ஈரம் நின்றால்தான் சிவந்து போய் நாளெல்லாம் நக்கிக்கொண்டிருப்பான். இவ்வளவையும் செய்கிறவள் உனக்குத் தடுமாறி விழுகிற கிழவியாகத் தெரிகிறாளா?

நீ அங்கிருந்து அனுப்பிய நாய்க் கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாட்டிவிட்டதும் சிலை மாதிரி நின்றுவிட்டான், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, பிஸ்கட்டைக் காட்டினேன், பிஸ்கட்டையும் பார்க்கவில்லை. உள்ளே கம்பளி வைத்துத் தைத்திருக்கிறார்கள், அது உங்கள் ஊர்க் குளிருக்கு, நம் ஊரில் போட்டால் வெந்துபோவான். அது இப்போது அவனுக்கு மெத்தை, நன்றாகத் தூங்குகிறான், வீண்போகவில்லை. ஆனால் முதுகு நனையாமல் இருக்க ஏதாவது வேண்டுமே என்று பார்த்தபோது, பம்பு மோட்டாரின் மேல் மூடியிருந்த ஃப்ளெக்ஸ் பேனர் கண்ணில் பட்டது, வாட்ச்மேனைக் கேட்டேன், பெருசா கீது டீச்சர், பாதி எடுத்துக்கினு போங்க என்றார். மடித்த மேனிக்கே அதை ஆட்டோவுக்குக் கூரையும் சீட்டும் தைக்கிற ஹாஜா மொய்தீன் பாயிடம் எடுத்துப்போனேன், தெரியுமே உனக்கு, நம் ஸ்கூட்டருக்கு சீட் தைத்தவர். கழுத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று நாடா வைத்து, முதுகை மட்டும் மூடுகிற மாதிரி, கால் எதிலும் மாட்டாமல் அளவெடுத்தார். வெட்டும்போது, யாரோ கும்புட்டுக்கினு சிரிக்கிறாரு மேடம், பரவால்லியா என்று கேட்டார். என்னிடம் கண்ணாடி இல்லை. நம் ஊரில் முகம் இல்லாத ஃப்ளெக்ஸ் ஏது, யாராவது கட்சிக்காரராக இருக்கும், படத்தை உள்பக்கம் போட்டு வெள்ளையை வெளியே வைத்துத் தையுங்கள் பாய் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அது ஜெயராமனின் அறுபதாம் கல்யாணப் பேனர். மாலையும் கழுத்துமாக அவரும் சாவித்திரியும் நின்று கும்பிட்டு வரவேற்கிற படம், விழா முடிந்ததும் அவரே மோட்டாருக்குப் போர்த்தக் கொடுத்தது. வெட்டிய பாதியில் அவர் வந்துவிட்டார், சாவித்திரி மோட்டாரிடமே தங்கிவிட்டாள். எனக்கு இது எதுவும் தெரியாது. மறுநாள் காலையில் நல்ல மழை, அம்பயர் புதுச் சட்டையில் ஜம்மென்று நடந்து முடித்து வாசலுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல உடம்பைச் சிலிர்த்து உதறினான் பார், பின்பக்கம் நாடா கட்டாத பகுதி அப்படியே மேலே திரும்பிவிட்டது, அவன் முதுகின் மேல் ஜெயராமன் இரண்டு கையையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அசல் ஜெயராமன் லிஃப்டிலிருந்து இறங்கி எதிரே நிற்கிறார். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி வாயை மூடிக்கொண்டார். நான் உடனே மன்னிப்புக் கேட்டேன் எழில், தெரியாமல் நடந்துவிட்டது சார், இன்றைக்கே வேறு துணி மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, இது உங்க வீடு இல்ல மேடம், ஓனர் யாரோ அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க இங்க தங்கியிருக்கறவங்க, அவ்ளோதான் என்றார். அதற்கு அப்புறம் நான் சட்டையை மாற்றவில்லை, படம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிக் கட்டிவிட்டேன், இன்றுவரைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறான்.

அவர் பேசினார், நீ எழுதிக்கொடுத்தாய், போன ஞாயிற்றுக்கிழமை நீ ஏற்பாடு செய்த வேனும் வந்துவிட்டது. பூந்தமல்லியைத் தாண்டிப் பண்ணை, பெரிய இடம், நிறைய நாய்கள், நல்லா பாத்துப்போம் என்று அந்த டிரைவர் சொன்னான், நல்ல பையன்தான், கூண்டில் ஈரம் இல்லாமல் துடைத்துக்கூட வைத்திருந்தான். அம்பயர் அவன் கையை மோந்து பார்த்து வாலை ஆட்டினான், ஊருக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அனுப்ப முடியாது, திருப்பி எடுத்துக்கொண்டு போ என்றேன். இன்னா மேடம், ஆன்லைன்ல புக்கிங் போட்டுக்கீறாங்க, வண்டிய காலியா எட்த்துக்கினு போனா நான் இன்னா சொல்றது என்றான். நாயின் சொந்தக்காரி தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்று சொல்லு என்றேன். அவனுக்கு இட்லி கொடுத்து, கெட்டியாக ஒரு காப்பியும் கொடுத்துத்தான் அனுப்பினேன், அவன் மேல் எனக்கு என்ன கோபம்.

அன்று மாலையே கார் நிறுத்துகிற இடத்தில் சங்கக் கூட்டம் கூட்டினார்கள். வெளியே மழை அடித்து ஊற்றுகிறது, பிளாஸ்டிக் நாற்காலியைக் காருக்கு நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தோம், அம்பயர் சட்டையோடு என் காலடியில். ஜெயராமன் எழுந்து, சி பிளாக் ஓனரே ஒப்புக்கொண்டுவிட்டார், இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்றார். நான் எழுந்து, ஓனர் ஒப்புக்கொண்டது ஓனரிடம் இல்லாத பொருளை என்றேன். வீடு என் மகள் பேரில் இருக்கிறது, நாய்க்கு மாநகராட்சியில் வாங்கிய உரிமம் என் பேரில் இருக்கிறது, ஊசி போட்ட அட்டையில் நாகவல்லி என்று இருக்கிறது, என் பொருளை அவள் எப்படி எழுதிக்கொடுப்பாள், நாளைக்கு உங்கள் காரைக் கொடுத்துவிடுகிறேன் என்று நான் எழுதிக்கொடுத்தால் செல்லுமா என்று கேட்டேன். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அப்புறம், நான் எங்கே விழுந்தேன் என்று இந்தச் சபையில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுவிட்டு, இங்கே வரும்போது அந்த டைல்ஸைத் தாண்டிய ஒவ்வொருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டுதானே வந்தீர்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், தலைவரும் பிடித்துக்கொண்டுதான் வந்தார், அவர் கையில் எந்த நாய் இருந்தது என்றேன். அதுவரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த கணினி வேலைப் பிள்ளைகள் கூட நிமிர்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் சாவித்திரி வாயைத் திறந்தாள். ஜெயராமனின் மனைவி, உனக்கு அவளைத் தெரியும், கொலுவுக்கு வந்தால் சுண்டலை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவாள், முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் அதுவும் இல்லை, அவள் படியிறங்கியே நாளாகிறது. அவள் நாற்காலியில் இருந்தபடியே, எனக்கு ஒண்ணு கேக்கணும் டீச்சர், அவர மட்டும் தினம் ஊரச் சுத்திக் காட்டறீங்க, என்ன ஏன் மோட்டார்கிட்டயே விட்டுட்டீங்க என்றாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன், ஜெயராமன் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது அவள் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார், இவர் மழ முடியட்டும்ங்கறார், மழ முடிஞ்சா வெயில் கொறையட்டும்பார், நான் பால்கனிலேர்ந்து தினம் உங்களப் பாத்துக்கிட்டே இருக்கேன், எனக்கும் வரணும் என்றாள். கடைசியில் டைல்ஸுக்கு மேல் ரப்பர் விரிப்பு போடுவதென்று முடிவாயிற்று, நாயைப் பற்றி, உரிமையாளர் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தால் சங்கம் தலையிடாது, எழுதாவிட்டால் பழைய கடிதமே நிற்கும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். ஆக மறுபடியும் உன்னிடம்தான் வந்து நிற்கிறது.

சாவித்திரி மறுநாள் காலையிலிருந்து வருகிறாள். முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு, தலைக்கு ஷவர் கேப்பைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி அயர்ன் வண்டி வரைக்கும் வந்தாள், இப்போது பெருமாள் கோயில் திருப்பம் வரைக்கும் வருகிறாள். அம்பயர் அவளுக்காக நடையைக் குறைத்துக்கொள்கிறான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜெயராமன் மேலே நின்று பார்க்கிறார், கீழே அம்பயரின் முதுகில் இருந்து அவரே அவரைப் பார்த்துக் கும்பிடுகிறார், சாவித்திரி அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள், நனைந்துகொண்டே சிரிக்கிறாள், அவள் இப்படிச் சிரிப்பாள் என்று இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாது.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டடத்துக்குள் நான் எழிலரசியின் அம்மா, சி பிளாக், தங்கியிருக்கிறவள். அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினால் நான் நாகவல்லி டீச்சர். பால்காரர் கூப்பிடுகிறார், என்னிடம் கபடி ஆடிய பெண் ஒருத்தி எஸ்டேட் கம்பெனி பஸ்ஸிலிருந்து கையை ஆட்டுகிறாள், அயர்ன் வண்டிக்காரர் மழையில் இன்னாத்துக்கு டீச்சர் என்று திட்டிவிட்டுத் தார்ப்பாய்க்கு அடியில் இடம் விடுகிறார். உன் அப்பா போனதற்கு அப்புறம் காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் கிடந்தவளை எழுப்பி நிறுத்தியது இந்த நாய், அவனுக்கு மழை வெயில் கிடையாது, எனக்கும் கிடையாது. உனக்கு என் மேல் பாசம் இல்லை என்று நான் நினைக்கவில்லை கண்ணு, பயம்தான் உனக்கு, அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பயப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்கு அங்கே காய்ச்சல் வந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்காக உன்னை வேலையை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே இரு என்று நான் எழுதிக்கொடுக்கவில்லை. நீ ஜெயராமனுக்கு வேறு கடிதம் எழுதாவிட்டால் நான் அம்பயரை மட்டும் அனுப்ப மாட்டேன், நானும் அவனோடு போவேன். பட்டாபிராமில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறேன், வீட்டுக்காரருக்கு நாய் பிடிக்கும், லிஃப்ட் கிடையாது, டைல்ஸும் கிடையாது, சொரசொரப்பான சிமெண்டுத் தரை. இது மிரட்டல் இல்லை, தகவல்.

மற்றபடி இங்கே விசேஷம், உன் சித்தப்பா மகன் விஷாலுக்குத் தை மாதத்தில் கல்யாணம், பெண் பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், நீ வர முடியாது என்று தெரிந்தும் பத்திரிகையில் உன் பேரைப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையை ஈரக் காலுறையோடு உட்கார வேண்டாம் என்று சொல், நீயும் தலையைக் காயவைக்காமல் வேலைக்கு ஓடாதே. போன தடவை அனுப்பிய பருப்புப் பொடியை டப்பாவில் மாற்றி வை, கவரிலேயே வைத்தால் வாசனை போய்விடும்.

கடைசியாக ஒன்று. போன மாதம் நீ எனக்கு ஒரு படம் அனுப்பினாய், உன் தெருவில் என்னைவிட வயதான ஒரு அம்மாள் கொட்டுகிற மழையில் முடி முளைத்த பூசணிக்காய் மாதிரி ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து போகிறாள். அதற்குக் கீழே, பாரும்மா, இந்த வயசுலயும் என்ன கெத்து, இப்படித்தான் இருக்கணும் என்று எழுதியிருந்தாய். நான் அதை அழிக்கவில்லை, வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு நானும் ஒரு படம் வைத்திருக்கிறேன், நேற்றுக் காலை மழையில் சாவித்திரி எடுத்தது, அவள் கை ஆடிவிட்டது, இருந்தாலும் முகம் தெரிகிறது. முழங்கால் வரை மடித்த டிராக் பேன்ட்டோடு நிற்கிறவள் உன் அம்மா, பக்கத்தில் ஜெயராமனைப் போர்த்திக்கொண்டு நிற்பவன் அம்பயர். அந்த ஊர் அம்மாளைப் பற்றி எழுதினாயே, அதையே இந்தப் படத்துக்குக் கீழேயும் எழுதி ஜெயராமனுக்கு அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம், அதை ஒட்டட்டும் பலகையில்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நனைய வேண்டிய நேரத்தில் நனைந்து, நூறு வயது வாழ வேண்டும். மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கிறது, விடாவிட்டாலும் பரவாயில்லை, அவன் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான், போகும் வழியில் இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவளும் அம்பயரின் சொந்தக்காரியுமான
நாகவல்லி